முக்கால்வாசி மெமரி சும்மா கிடந்தால் பாதியை எடுத்துவிடலாமா?

புதுச்சேரியில் தங்கும் விடுதிகளுக்கு அறை முன்பதிவு மென்பொருள் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி சுருக்கமாக இது: “16 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் சர்வர். மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளை போட்டால் எப்போதும் நிரம்பித்தான் தெரிகிறது. போன செவ்வாய்க்கிழமை மதியம் மெமரியின் எல்லாப் பக்கங்களுக்கும் ஐடில் (சும்மா கிடக்கிறது என்ற) குறி போட்டு, ஐந்து நிமிடம் கழித்து எண்ணினேன். முக்கால்வாசிப் பக்கங்களை யாருமே தொடவில்லை. 8 ஜிபி மெஷினுக்கு மாறினால் மாத வாடகை குறையும். மாறிவிடலாமா அண்ணே? லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் தரும் இந்தக் கணக்கை நம்பலாமா?”

கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் தம்பி. செவ்வாய் மதியம் அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பக்கங்களை யாரும் தொடவில்லை என்பதை அது சொல்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் வரிசையாக ஊருக்குள் நுழையும்போது அதே பக்கங்கள் வேண்டுமா என்பதை அது சொல்லாது. இதே தவறை நான் கடலூரில் செய்து, ஒரு விடியற்காலை முழுக்க அதன் பலனை அனுபவித்தவன். அதைச் சொல்லும் முன் அந்தக் குறி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால்தான் எண்ணை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பது பிடிபடும்.

ராமை கர்னல் 4 கேபி பக்கங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின், முகவரி எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பது பேஜ் டேபிளில் இருக்கும். அந்த டேபிளின் ஒவ்வொரு வரியிலும் ஆக்சஸ்டு பிட் என்று ஒன்று உண்டு. எக்ஸ்86 சிபியு அந்த வரியைப் பயன்படுத்தி மெமரியைத் தொடும்போது, தானே அந்த பிட்டை 1 ஆக்கிவிடும். திரும்ப 0 ஆக்குவது சிபியுவின் வேலை இல்லை, கர்னலின் வேலை. மெமரி பற்றாக்குறை வரும்போது எந்தப் பக்கத்தை வெளியே தள்ளலாம் என்று தேடும் கர்னல் பகுதி இந்த பிட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. 1 இருந்தால் அழித்துவிட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும். அடுத்த முறை வரும்போதும் 0 ஆகவே இருந்தால் தள்ளிவிடும்.

என் சித்தப்பா கடலூர் முதுநகரில் முந்திரி மூட்டை அடுக்கும் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்தார். சாயங்காலம் பூட்டும் முன் ஒவ்வொரு மூட்டையின் தையல் மேலும் சாக்பீஸால் குறுக்காக ஒரு கோடு இழுப்பார். மறுநாள் கோடு கலையாமல் இருந்தால் அந்த மூட்டையைப் பிரிக்கவில்லை. கலைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். எத்தனை முறை பிரித்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்பது கோட்டுக்குத் தெரியாது. ஐடில் குறியும் அதேதான். நாம் கோடு போடுகிறோம், தொட்டவர் கலைக்கிறார், நாம் திரும்ப வந்து பார்க்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோட்டை நம்பியிருப்பவர்கள் இரண்டு பேர். நம் அளவீட்டுக்காக ஆக்சஸ்டு பிட்டை அழித்துவிட்டால், பக்கங்களை வெளியே தள்ளும் பகுதி வந்து பார்க்கும்போது, நேற்றுவரை பரபரப்பாக இருந்த பக்கம்கூட 0 என்று தெரியும். ‘இதை யாரும் தொடவில்லை போல’ என்று தூக்கி எறிந்துவிடும். ப்ராசஸ் வாரியாக ஆக்சஸ்டு பிட்களை அழிக்கும் பழைய கிளியர்-ரெஃப்ஸ் வழியின் குறை இதுதான். அளக்கப் போன கையே சரக்கைக் கலைத்துவிடும். தவிர, எந்த ப்ராசஸின் முகவரியிலும் இணைக்கப்படாத கோப்புப் பக்கங்கள், அதாவது வெறும் ரீட் அழைப்பால் ராமுக்குள் வந்து, மறுபடி கேட்டால் உடனே தருவதற்காகக் கேஷாக நிற்பவை, அதன் கணக்கிலேயே வராது.

2011-ல் கூகுளைச் சேர்ந்த மிஷேல் லெஸ்பினாஸ், கேஸ்டேல்டு என்ற பெயரில் கர்னலே பின்னணியில் சுற்றிச் சுற்றி எண்ணும் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அது கர்னலின் முதன்மைக் கிளைக்குள் வரவில்லை. 2015-ல் லினக்ஸ் 4.3-ல் விளாதிமிர் டேவிடோவ் எழுதிய ஐடில் பேஜ் டிராக்கிங் உள்ளே வந்தது. நீங்கள் பயன்படுத்தியது அதைத்தான். அவர் செய்த நல்ல காரியம், பக்கத்துக்கு இரண்டு புதிய குறிகளைச் சேர்த்தது. ஒன்று ஐடில், இன்னொன்று யங். அளவீட்டுக்காக ஆக்சஸ்டு பிட்டை அழிக்கும்போது, அது முன்பு 1 ஆக இருந்திருந்தால் யங் குறியை ஏற்றி வைத்துவிடும். பக்கங்களைத் தள்ளும் பகுதி வந்தால் யங்கைப் பார்த்து, ‘இது உயிரோட்டமான பக்கம்தான், குறியை அழித்தது வேறொருவர்’ என்று புரிந்துகொள்ளும். அதனால் நீங்கள் எத்தனை முறை அளந்தாலும் கர்னலின் முடிவு திரிந்துபோகாது. இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அளப்பது அளக்கப்படும் பொருளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

இனி அந்தக் கோப்பு. சிஸ் கோப்பு முறைக்குள் கர்னல், எம்எம், பேஜ்-ஐடில் என்ற அடைவில் பிட்மேப் என்று ஒரே ஒரு கோப்பு இருக்கும். கர்னலைக் கட்டும்போது இந்த வசதியைச் சேர்த்திருந்தால்தான் இருக்கும், ரூட் மட்டுமே திறக்க முடியும். ராமில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் ஒரு பிட். 16 ஜிபி என்றால் 41,94,304 பக்கங்கள், அதாவது கோப்பில் 512 கேபி. நடுவில் காலி முகவரிகள் இருப்பதால் உண்மையில் கொஞ்சம் கூடும். எட்டு எட்டு பைட்டாகத்தான் படிக்கவோ எழுதவோ முடியும். 1,00,000-வது பக்கம் வேண்டுமென்றால் 64-ஆல் வகுங்கள். ஈவு 1562, மீதி 32. ஆக, கோப்பில் 12,496-வது பைட்டில் தொடங்கும் எட்டு பைட் எண்ணில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 32-வது பிட். 1 எழுதினால் ஐடில் குறி ஏறும். 0 எழுதினால் எதுவும் நடக்காது, ஏற்கெனவே இருக்கும் குறி அப்படியே நிற்கும். ஆகவே பக்கத்துப் பக்கங்களைக் கெடுத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம்.

எந்தப் பக்கம் யாருடையது என்பது தனிக் கேள்வி. ப்ராசஸின் பேஜ்மேப் கோப்பு, அந்த ப்ராசஸின் முகவரிக்கு எந்தப் பக்க எண் என்று சொல்லும். கன்டெய்னர் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் கேபேஜ்-சிகுரூப் என்ற கோப்பு இன்னும் நல்லது. ஒவ்வொரு பக்கமும் எந்த சிகுரூப்பின், அதாவது மெமரியைச் சேர்த்துக் கணக்கிட்டு வரம்பும் வைக்கக்கூடிய எந்த ப்ராசஸ் குழுவின், கணக்கில் ஏறியிருக்கிறது என்பதை அது காட்டும், கோப்புக் கேஷும் விட்டுப்போகாது. விடுதி மென்பொருளை ஒரு சிகுரூப்பிலும் டேட்டாபேஸை இன்னொன்றிலும் பிரித்து வையுங்கள். முழு மெஷினுக்கும் சேர்த்து ‘முக்கால்வாசி’ என்று ஒரே எண் வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இந்த எண் தவறக்கூடிய இடங்கள் உண்டு, கூடவும் தவறும், குறையவும் தவறும்.

பரபரப்பான பக்கம் சும்மா இருப்பதுபோலத் தெரியலாம். சிபியு ஒரு முகவரியை ஒருமுறை மொழிபெயர்த்ததும் அதை டிஎல்பி என்ற சிறிய நினைவில் வைத்துக்கொள்ளும். அது அங்கே இருக்கும்வரை பேஜ் டேபிளைத் திரும்பிப் பார்க்காது. வேகம் குறையக்கூடாது என்பதற்காக எக்ஸ்86-ல் பிட்டை அழிக்கும்போது கர்னல் டிஎல்பியையும் சேர்த்துக் காலி செய்வதில்லை. ஆகவே ஓயாமல் தொடப்படும் பக்கமே சிறிது நேரம் ‘தொடப்படவில்லை’ என்று நிற்க முடியும். சில நொடி இடைவெளியில் அளப்பவர்களுக்கு இது பிரச்சினை. நிமிடக்கணக்கில் விட்டால், இடையில் ப்ராசஸ்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இது பெரிதாகத் தெரியாது.

சும்மா இருக்கும் பக்கம் பரபரப்பாகத் தெரிவதும் உண்டு, உங்கள் மாதிரி சர்வர்களில் அதுதான் அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப் ஓடினால், ஆண்டுக்கணக்கில் யாரும் பார்க்காத பழைய பதிவுகளையும் அது ஒருமுறை வாசித்துவிடும். ரீட் அழைப்பால் தொட்டாலும் தொட்டதாகவே கணக்கு. ஜாவா என்றால், வேண்டாத பொருள்களைத் தேடி மெமரியை விடுவிக்கும் முழுக் குப்பை சேகரிப்பு ஒருமுறை ஓடினால் ஹீப்பின் (நிரல் தன் பொருள்களை வைக்கும் மெமரிப் பகுதியின்) உயிருள்ள பொருள்கள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகும். சிறு பக்கங்களைச் சேர்த்து ஒன்றாக்கிய பெரும்பக்கங்கள் இருந்தால் 2 எம்பிக்குள் ஒரு பைட்டைத் தொட்டாலும் 512 சிறு பக்கங்களும் சேர்ந்து கலைந்ததாக ஆகும். அந்தப் பெரும்பக்கங்களுக்கு ஐடில் குறி முதல் சிறு பக்கமான தலைப்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பக்கம் என்ன வகை என்று காட்டும் கேபேஜ்-ஃபிளாக்ஸ் கோப்பைச் சேர்த்துப் பார்க்காமல் பிட்களை மட்டும் எண்ணினால், 512 என்று எண்ண வேண்டியதை 1 என்று எண்ணிவிடுவோம். நீங்கள் எண்ணிய ஸ்கிரிப்ட்டில் இதை முதலில் சரிபாருங்கள்.

கர்னல் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் ஸ்லாப் பக்கங்கள் இந்தக் கணக்கில் வரவே வராது. அவற்றுக்குக் குறி போட முயன்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதே நேரம், ஒரு நல்ல நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும்: மெமரி நெருக்கடியால் அழுக்கான (மாற்றப்பட்டு இன்னும் வட்டில் எழுதப்படாத) பக்கத்தைக் கர்னலே வட்டுக்கு எழுதினால், அது தொட்டதாகக் கணக்கில் சேராது.

இப்போது கடலூர்க் கதை. முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர்களுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்த ஒரு சிறு நிறுவனம். படகுவாரியாக டீசல் பாக்கி, ஐஸ் பாக்கி, முன்பணம், ஏல எடை எல்லாம் அதில். ஒரு மே மாதம் என்னைக் கூப்பிட்டு, “மெமரி எப்போதும் நிறைந்தே இருக்கிறது, புது ராம் வாங்கணுமா சார்?” என்று கேட்டார்கள். நான் உங்களைவிடப் பொறுமையாகத்தான் அளந்தேன். ஐந்து நிமிடம் இல்லை, இரண்டு நாள். பாதிக்கு மேல் பக்கங்கள் கோடு கலையாமல் கிடந்தன. பெரும்பகுதி, மென்பொருள் தொடங்கும்போதே மெமரிக்குள் ஏற்றிக்கொண்ட விசைப்படகுக் கணக்குகள். இரண்டு நாள் பார்த்தாயிற்று, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அந்த சிகுரூப்புக்கு மெமரி வரம்பை இறக்கினேன். கர்னல் அந்தப் பக்கங்களை ஸ்வாப்புக்கு, அதாவது ராமில் இடமில்லாதவற்றை எழுதி வைக்கும் இடத்துக்கு, தள்ளியது. ஸ்வாப் இருந்தது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில். மிச்சப்பட்ட இடத்தில் வேறொரு வேலையையும் அதே மெஷினில் ஏற்றிவிட்டார்கள்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நான் அளந்தது அதன் நடுவில். ஃபைபர் படகுகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன, விசைப்படகுகள் எல்லாம் கரையில். தடை முடிந்து விசைப்படகுகள் மீனோடு திரும்பிய முதல் விடியற்காலையில், எல்லாக் கணக்குகளையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒன்றொன்றாக எடுக்க வேண்டுமென்றால் சுழலும் வட்டு நொடிக்கு நூறு சொச்சம் வாசிப்புகளைத்தான் தாங்கும். ஒரு ஜிபி என்பது 2,62,144 பக்கங்கள். நூறால் வகுத்துப் பாருங்கள், முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டே வருகிறது. கர்னல் அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து எடுத்து வரும் என்றாலும், எங்களுக்கு அன்று அது பெரிதாக உதவவில்லை. ஏலக்காரர் எடை சொல்கிறார், கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஐஸ் கரைகிறது. கடைசியில் காகிதத்தில் எழுதித்தான் அன்றைய ஏலத்தை முடித்தார்கள். எனக்குத் தகவல் வந்து, நான் வரம்பை ஏற்றிவிடுவதற்குள் ஏலமே முடிந்துவிட்டது.

அந்தப் பக்கங்கள் சும்மா இருந்தன என்பது உண்மை. கர்னல் பொய் சொல்லவில்லை. நான் எந்தக் காலத்தை வைத்துக் கேட்டேன் என்பதில்தான் பிழை. 1968-ல் பீட்டர் டென்னிங், ஒரு நிரலுக்கு உண்மையில் தேவைப்படும் மெமரியை ‘வொர்க்கிங் செட்’ என்று வரையறுத்தபோது, அந்த வரையறைக்குள்ளேயே ஒரு கால அளவையும் வைத்தார்: கடைசி இவ்வளவு நேரத்துக்குள் தொடப்பட்ட பக்கங்கள் எவையோ அவை. அந்தக் கால அளவை எடுத்துவிட்டால் ‘சும்மா இருக்கும் பக்கம்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. அதைத் தேர்ந்தெடுப்பது கர்னலின் பொறுப்பு இல்லை, தொழிலின் நடமாட்டம் தெரிந்த நம் பொறுப்பு.

உங்கள் தொழிலின் நடமாட்டம் ஒரு வாரம். குறைந்தபட்சம் ஒரு முழு வெள்ளி, சனி, ஞாயிறு அளவீட்டுக்குள் வரவேண்டும். அதற்கு மேலும் பெரிய அலைகள் உண்டு என்பது ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிப்ரவரி 21-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வருபவர்களால் அறைகள் நிரம்பும், டிசம்பர் 31-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாள்களுக்கு முன் வரம்பை ஏற்றி வைப்பதை நாட்காட்டியிலேயே குறித்துவிடுங்கள். ஐடில் பிட்மேப் அதை ஒருபோதும் முன்கூட்டிச் சொல்லாது.

ஒரு வாரத்தை எப்படி அளப்பது? ஒரே ஒரு தடவை குறி போட்டு ஏழு நாள் கழித்துப் பார்த்தால், பேக்கப் எல்லாவற்றையும் கலைத்திருக்கும். வயதுக் கணக்கு வையுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பைட். 16 ஜிபிக்கு அது 4 எம்பிதான். மணிக்கு ஒருமுறை பிட்மேப்பைப் படியுங்கள். குறி கலையாமல் இருந்தால் அந்த பைட்டில் 1 கூட்டுங்கள், கலைந்திருந்தால் 0 ஆக்கிவிட்டு மறுபடி குறி போடுங்கள். ஒரு பைட்டில் 255 மணி நேரம் அடங்கும், வாரத்துக்கு 168 போதும். எண்ணை 0 ஆக்கும் முன், எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடப்பட்டது என்பதையும் எழுதி வையுங்கள். ‘ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டியவை, ஒரு நாளில் வேண்டியவை, வார இறுதியில் மட்டும் வேண்டியவை’ என்று பக்கங்கள் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். பேக்கப் ஓடும் அந்த மணி நேரத்தின் தொடுதல்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு கணக்கிலிருந்து விலக்குங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பிட்மேப்பைப் படிப்பது வெறும் கோப்பு வாசிப்பு இல்லை. குறியுள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும், அது எந்தெந்த ப்ராசஸின் பேஜ் டேபிளில் இருக்கிறது என்று கர்னல் பின்னோக்கித் தேடிப்போய் ஆக்சஸ்டு பிட்டைப் பார்க்கிறது. நாற்பது லட்சம் பக்கங்களுக்கு ஒரே மூச்சில் செய்தால் ஒரு சிபியு கோர் கொஞ்ச நேரம் அதிலேயே கிடக்கும். துண்டு துண்டாக, நடுவில் இடைவெளி விட்டுப் படியுங்கள். நூற்றுக்கணக்கான ஜிபி உள்ள மெஷின்களில் இந்த வழி ஒத்துவராது. அவற்றுக்கென்றே 2021-ல் லினக்ஸ் 5.15-ல் டேமன் வந்தது. சோங்ஜே பார்க் எழுதியது. அது பக்கம் பக்கமாகப் பார்ப்பதில்லை, மெமரியை வட்டாரங்களாகப் பிரித்து வட்டாரத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் சோதிக்கும். இயல்பு நிலையில் 5 மில்லி நொடிக்கு ஒரு சோதனை, 10 முதல் 1000 வட்டாரங்கள். ராம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு முறைக்கான செலவு அந்த ஆயிரம் சோதனைகளைத் தாண்டாது. பதிலுக்கு, துல்லியம் கொஞ்சம் குறையும். 16 ஜிபிக்கு பிட்மேப்பே போதும், தெளிவாகவும் இருக்கும். 2022-ல் லினக்ஸ் 6.1-ல் வந்த பல தலைமுறை எல்ஆர்யுவும் (நெடுநேரம் தொடாததை முதலில் தள்ளும் முறையின் புது வடிவம்) பக்கங்களை வயதுவாரியாக அடுக்குகிறது. அதை இயக்கிவிட்டால் வெளியே தள்ள வேண்டியவற்றைத் தேர்ந்தெடுப்பது மேம்படும். உங்கள் கேள்விக்கு அது நேரடியான விடை இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சும்மா இருப்பவற்றில் கோப்புக் கேஷ் எவ்வளவு, ப்ராசஸ் தானே உருவாக்கிய பக்கங்கள் எவ்வளவு? கேபேஜ்-ஃபிளாக்ஸில் இரண்டையும் பிரித்தறியும் குறி இருக்கிறது. மாற்றப்படாத கோப்புப் பக்கத்தைக் கர்னல் அப்படியே கைவிட்டுவிடலாம், அசல் வட்டில் இருக்கிறது. மற்றதை ஸ்வாப்பில் எழுதித்தான் விட முடியும். உங்கள் முக்கால்வாசியில் பெரும்பங்கு கோப்புக் கேஷ் என்றால் 8 ஜிபி உங்களுக்குப் போதுமானதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜாவா ஹீப் என்றால் எனக்குத் தயக்கம்தான். ஸ்வாப்புக்குப் போன ஹீப் மேல் குப்பை சேகரிப்பு ஓடினால் மொத்தத்தையும் திரும்ப இழுத்து வரும்.

மெஷினை மாற்றாமலேயே 8 ஜிபியில் வாழ்ந்து பார்க்கலாம் என்பது நல்ல செய்தி. சிகுரூப்பின் மெமரி-ஹை வரம்பை 14-ல் தொடங்கி வாரத்துக்கு ஒரு ஜிபியாக இறக்குங்கள். மெமரி-மேக்ஸைத் தொடாதீர்கள். அதைத் தாண்டி, விடுவிக்க எதுவும் கிடைக்காவிட்டால் கர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடும், ஹை என்றால் வேகத்தைத்தான் குறைக்கும். ஸ்வாப்பை வட்டில் வைக்காமல், ராமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் இசட்ராமில் வையுங்கள். ஒவ்வொரு வெள்ளி ராத்திரியும் இரண்டு இடங்களைப் பாருங்கள்: மெமரி-பிரஷர் கோப்பில் எவ்வளவு நேரம் மெமரிக்காகக் காத்து நின்றது என்பது, மெமரி-ஸ்டாட் கோப்பில் வொர்க்கிங்செட் ரீஃபால்ட் என்று தொடங்கும் வரிகள். பின்னது, தள்ளிவிட்ட பக்கம் மறுபடி தேவைப்பட்டு எத்தனை முறை திரும்ப வந்தது என்ற எண்ணிக்கை. முந்தைய வெள்ளியைவிட அது சட்டென்று ஏறினால் அந்த ராத்திரியே வரம்பை ஒரு ஜிபி ஏற்றிவிட்டு, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.